கவுன்சிலிங் போவதற்கு முன்னால்: வடசென்னையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் உளவியல் படித்தவள் இல்லை. புதுவண்ணாரப்பேட்டையில் வீடு, துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை. அப்பா இறந்த பிறகு தூக்கம் கெட்டு, பதினோரு மாதம் ஒரு உளவியலாளரிடம் போய்வந்தேன். அதை யாரிடமும் மறைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, மாடிப்படியிலும் ரேஷன் கடை வரிசையிலும் மீன் வெட்டி வாங்கக் காத்திருக்கும்போதும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

"இன்னைக்கு ராத்திரியே தாங்காது போல இருக்கு. அதுக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா?"

வேண்டாம். 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. உயிரை விடும் எண்ணத்தோடு போராடுகிறவர்களிடம் பேசுவதற்கென்றே 1986 முதல் சென்னையில் சினேகா என்ற தொண்டு அமைப்பு இயங்குகிறது. ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டிருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து நேரே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: அவரைத் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். "போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தர வேண்டியது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

"கவுன்சிலிங்னா என்னக்கா? அட்வைஸ் பண்ணுவாங்களா?"

இந்தச் சொல்லே நம் ஊரில் மூன்று விஷயத்துக்கு ஓடுகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட். என் அம்மாவுக்குக் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். முதல் நாள் "கவுன்சிலரைப் பார்த்துட்டு வரேம்மா" என்று கிளம்பினேன். "அப்படியே நம்ம தெரு கால்வாய் அடைப்பையும் சொல்லிட்டு வா" என்றார்.

மூன்றாவதுதான் நாம் பேசுவது. அட்வைஸுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. டீக்கடையில் கிடைக்கும், ஓரகத்தியிடம் கிடைக்கும், கேட்காமலே கிடைக்கும். உளவியலாளர் செய்வது வேறு. உங்களுக்கு எப்போது, எந்த இடத்தில், என்ன நினைப்பு வந்து, அதன் பிறகு உடம்பு என்ன செய்கிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டுப் பிரிப்பார். சிக்கிய வலையைப் பிரிக்கிற மாதிரி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கண்ணியை அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் நாலு இறுகும்.

என் கதை இது. அப்பா இறந்த சேதி ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் வந்தது. அதற்கப்புறம் யாருடைய போன் அடித்தாலும் கை சில்லிட்டுப் போகும், சாப்பாடு இறங்காது. நான் போனை எப்போதும் சைலன்ட்டில் போட்டேன். ஆபீஸில் திட்டு வாங்கினேன். சைலன்ட்டில் போடப் போடப் பயம் பெரிதாகிறது என்பதை என் வாயாலேயே சொல்ல வைத்தார் என் உளவியலாளர். பிறகு அதே ரிங்டோனைத் தினமும் பத்துத் தடவை, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் கேட்கச் சொன்னார். மொட்டை மாடியில் உட்கார்ந்து நானே அடிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். எதிர்மாடி அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாருடி அது இவ்ளோ நேரமா அடிக்கிறான்? எடுத்துத் தொலையேன்!" என்றார்.

"யாரைப் பார்க்கணும்? டாக்டரா, சைக்காலஜிஸ்டா?"

இருவரும் ஒன்றில்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்கொண்டு மனநல மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருபவர். மாத்திரை எழுத மாட்டார். உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மாத்திரைச் சீட்டு நீட்டினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, சம்பந்தமில்லாத சந்தேகம், பல நாளாகச் சாப்பாடு இல்லை, சாகும் எண்ணம் என்றால் முதலில் மருத்துவர். துக்கம், பதற்றம், கோபம், கல்யாணச் சிக்கல், வேலை அழுத்தம் என்றால் உளவியலாளரிடமே ஆரம்பிக்கலாம். மருத்துவர் தேவைப்பட்டால் நல்லவர் அவரே அனுப்பிவைப்பார். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட மனச்சோர்வு போலவே தெரியலாம் என்பதால் சிலர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வரச் சொல்வார்கள். அது காசு பிடுங்குகிற வேலை இல்லை.

"போர்டு மாட்டி இருக்காங்களே, அவங்க படிச்சவங்கதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கேளுங்கள். புதுசாக டெய்லரிடம் ரவிக்கை கொடுத்தால்கூட "முன்னாடி தைச்சதைக் காட்டு" என்கிறோம். மனசைக் கொடுக்கும்போது மட்டும் கூச்சம் எதற்கு?

மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால், அதற்கான எம்.ஃபில். போன்ற பயிற்சிப் படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். சுருக்கமாக ஆர்.சி.ஐ. எண் என்பார்கள். அதைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். உளவியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஆலோசகராக இருப்பவர்களிடம் இந்தப் பதிவு இருக்காது. அதற்காக அவர்கள் போலி என்று அர்த்தமில்லை, நன்றாகச் செய்பவர்கள் நிறைய. அவர்களிடம் எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள், என் மாதிரிப் பிரச்சினையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கலாம். வார இறுதியில் ஆன்லைனில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு கடை போட்டவர்களும் இருக்கிறார்கள். "மூணே சிட்டிங்கில் சரி பண்றேன்" என்று உத்தரவாதம் கொடுப்பவரிடம் போகாதீர்கள்.

"எங்கே போறது, எவ்வளவு ஆகும்?"

காசு இல்லையென்றால் அரசு ஆஸ்பத்திரி. பழைய ஜெயில் ரோட்டிலிருக்கும் ஸ்டான்லியில் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். கூட்டம் இருக்கும், மருத்துவர் உங்களோடு பேச நிறைய நேரம் கிடைக்காது, ஆனால் மாத்திரை இலவசம். அங்கேயே உளவியலாளரையும் பார்க்க முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும்.

தனியாரில் ஒரு சந்திப்புக்கு ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டியும் வாங்குகிறார்கள். கட்டணத்தைக் குறைத்து வாங்குகிறவர்களும் உண்டு. "என் சம்பளம் இவ்வளவுதான், வாரா வாரம் முடியாது" என்று சொல்லலாம். நான் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டோம். எனக்குக் கிடைத்தவர் அண்ணா நகர்ப் பக்கம். இந்தப் பக்கம் ஆள் குறைவு என்பது என் குறை. மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எண்ணூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். இருபது நிமிஷம் தாமதமாகப் போனாலும் உங்கள் நேரம் அதே மணிக்குத்தான் முடியும்.

"கீழ்ப்பாக்கம்னா எல்லாரும் சிரிப்பாங்களே?"

சிரிப்பார்கள். "கீழ்ப்பாக்கம் கேஸு" என்பதைக் கெட்டவார்த்தையாகவே ஆக்கிவைத்திருக்கிறோம். ஆனால் அயனாவரத்தை ஒட்டியிருக்கும் அந்த மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. நம் ஊரின் மிகப் பழைய மருத்துவமனைகளில் ஒன்று. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் சாரதா மேனன் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகளுக்காக வேலை செய்தவரும் அவர்தான். கீழ்ப்பாக்கத்துக்குப் போகிறவர்கள் எல்லாரையும் உள்ளே அடைத்துவிடுவார்கள் என்பது சினிமா. புறநோயாளியாக வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு.

"முதல் நாள் என்ன நடக்கும்? அழுதுட்டா?"

அழலாம். மேசைமேல் டிஷ்யூ டப்பா வைத்திருப்பதே அதற்குத்தான். என் துப்பட்டா ஈரமான பிறகுதான் நான் அதைக் கவனித்தேன்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் விவரம் கேட்பதிலேயே போகும்: வீட்டில் யார் யார், தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், பழைய வியாதி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. கையில் ஒரு தாளும் தரலாம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ. 9 என்ற தாள் பரவலாகப் புழங்குவது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதைப் படித்ததும் "நம்மை இப்படி நினைச்சுட்டாங்களே" என்று பதறாதீர்கள், எல்லாரிடமும் கேட்பதுதான். மார்க் நல்லா வரணும் என்று குறைத்துப் போடவும் வேண்டாம். எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் அப்படித்தான் செய்தான். பிறகு மூன்று வாரம், தனக்கு இல்லாத பிரச்சினைக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு சந்திப்பு 45 முதல் 50 நிமிஷம் இருக்கும். எல்லாவற்றையும் அன்றே கொட்டிவிட வேண்டியதில்லை. "இதை இன்னைக்குப் பேச வேணாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போகும் முன் மாத்திரைப் பெயர்களையும் பழைய சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்று வேலைக்கு அரை நாள் லீவு போடுங்கள். வெளியே வந்த உடனே பில் போட உட்கார முடியாது.

"நாம சொன்னது வெளியே போகுமா?"

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நம் தெருக்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். இருமினால் யாருக்குச் சளி என்று தெரியும். அந்தப் பயம் நியாயமானது.

2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும். உங்கள் முதலாளியோ மாமியாரோ போன் போட்டுக் கேட்டால் சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்வார்கள். நீதிமன்றம் உத்தரவிட்டால் கொடுக்க வேண்டி வரும். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைமேல் பாலியல் வன்கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி அவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அவர்மேலேயே வழக்கு வரும். நல்லவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குறிப்பெடுத்த நோட்டு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்றும் கேட்கலாம்.

இதில் சேராத ஒன்றும் இருக்கிறது: ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பையன் உங்கள் சித்தப்பா மகனின் நண்பன். அதற்குச் சட்டம் எழுத முடியாது. அதனாலேயே பலர் இரண்டு பஸ் மாறித் தூரத்தில் போய்ப் பார்க்கிறார்கள். அது தப்பில்லை. அதே காரணத்துக்காக உங்கள் உறவுக்காரரையோ குடும்ப நண்பரையோ ஆலோசகராக வைத்துக்கொள்ளாதீர்கள், அவர் எவ்வளவு படித்திருந்தாலும்.

"போன்லயே பேசலாமா? வீட்ல தனியா ஒரு ரூம் கிடையாதே."

பேசலாம். ஒரே அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதுதான் பிரச்சினை. மொட்டை மாடியில் துணி காயப் போடுகிறவர்கள் வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வாரத்துக்கு ஒருநாள் ஆபீஸ் முடிந்து, நிறுத்தி வைத்த அவள் அண்ணனின் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, திரையை இறக்கிவிட்டுப் பேசினாள். இன்னொருவர் காலையில் கடற்கரைக் கல்மேல். இயர்போன் கட்டாயம், எதிராளி சொல்வதாவது வெளியே கேட்காது. யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அரிசி ஆர்டர் அப்புறம் சொல்றேன்" என்றால் அவர் புரிந்துகொண்டு நிறுத்திவிடுவார். வீட்டில் அடி உதை இருக்கும் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

முதல் இரண்டு தடவையாவது நேரில் போங்கள் என்பது என் கருத்து.

"புருஷன் குடிக்கிறாரு. அவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் வீட்டில், வருமானம் இல்லை, கையில் கடன். இந்தக் கேள்வி எனக்கு அதிகம் வருவது அந்த மாதங்களில்தான்.

இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம், போங்கள். எப்போது பேசுவது, எதற்குக் காசு கொடுக்காமல் இருப்பது, பிள்ளைகளை எப்படிக் காப்பது என்பதெல்லாம் உங்கள் பக்கத்து வேலை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல் அனான் குழுக்கள் இருக்கின்றன. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்குச் சிகிச்சை தருகிறது.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவரை "இன்னையோட நிறுத்து" என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம்வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதை மருத்துவர் கண்காணிப்பில் செய்ய வேண்டும்.

அவர் அடிப்பவராக இருந்தால், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் கவுன்சிலிங்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே நீங்கள் சொல்லும் உண்மைக்கு வீட்டில் பதில் கிடைக்கும். தனியாகப் பேசக் கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181.

"மாத்திரை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?"

எல்லா மாத்திரையும் அப்படி இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல் மட்டும் வந்து பலன் தெரியாததால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக. சில தூக்க மாத்திரைகள் பழக்கமாகக்கூடியவைதான். அதனால் பக்கத்து வீட்டுப் பாட்டியின் மாத்திரைப் பட்டையிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

"எங்க அம்மா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறாங்க. அதையும் செய்யலாமா?"

ராயபுரத்தில் ஜெபம், தர்காவில் ஊதி வாங்குவது, அம்மன் கோயிலில் வேப்பிலை அடிப்பது, எல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது. அம்மாவோடு நானும் போனேன். அம்மாவுக்கு நிம்மதி, எனக்கு ஒரு நடை. நம்பிக்கையை விடச் சொல்லும் உளவியலாளர் சரியான உளவியலாளர் இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்து என்றோ, அடித்தால்தான் போகும், கட்டிப் போடு என்றோ எந்த இடத்தில் சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

"இன்சூரன்ஸ் கிடைக்குமா?"

உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது, 21-ஆம் பிரிவு. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் தரும். பேசிவிட்டு வரும் கட்டணத்துக்கு ஓ.பி. செலவு சேர்ந்த பாலிசியா என்று பாருங்கள்.

"பிடிக்கலைன்னா மாத்தலாமா? அவங்க கோச்சுக்க மாட்டாங்களா?"

நான் முதலில் போனது இன்னொருவரிடம். அரை மணி நேரத்தில் இரண்டு தடவை போன் எடுத்தார். ஒன்று, அவர் வீட்டு ஏசி மெக்கானிக். கடைசியில், "வயசாகுது, கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றார். எண்ணூறு ரூபாய். எதிர்மாடி அக்கா இதை ஓசியிலேயே சொல்லியிருப்பார். கவுன்சிலிங் என்றாலே இதுதான் போல என்று நினைத்து இரண்டு மாதம் எங்கும் போகவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் ஆபீஸில் மெமோவும் வாங்கினேன்.

ஆகவே, மாற்றலாம். சாதியைக் கேட்பவர், மதத்தைத் திணிப்பவர், காதலுக்கோ பாலினத்துக்கோ தீர்ப்பு சொல்பவர், தொடுபவர், தன் கதையைச் சொல்பவர் என்றால் அடுத்த தடவையே வேண்டாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி சுட்டது, வீட்டுக்கு வந்தும் கோபமாக வந்தது என்றால் உடனே ஓடாதீர்கள். அந்தக் கோபத்தை அடுத்த முறை அவரிடமே சொல்லிப் பாருங்கள். எனக்கு மூன்றாவது சந்திப்பு அப்படி இருந்தது. "அப்பா போனப்ப நீங்க அழவே இல்லையா?" என்று கேட்டிருந்தார். நான்காவது சந்திப்பு முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம்.

"எத்தனை தடவை போகணும்? எப்ப நிறுத்தறது?"

பிரச்சினையைப் பொறுத்தது. நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. முறையில் ஆறு முதல் இருபது சந்திப்பு என்பது வழக்கம். பழைய காயங்கள் இருந்தால் இன்னும் நீளும். நாலைந்து தடவைக்குப் பிறகு "நாம எங்க இருக்கோம்?" என்று நீங்களே கேளுங்கள். பதில் இருக்க வேண்டும். இடையிடையே வீட்டுப்பாடமும் உண்டு. நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதுவேன்: எத்தனை மணிக்குப் போன் வந்தது, என்ன நினைத்தேன், கடைசியில் யார் கூப்பிட்டது. பாதிக்கு மேல் லோன் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள்.

நிறுத்தும்போது சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். கடைசியாக ஒரு சந்திப்பு வைத்து, திரும்ப வந்தால் என்ன செய்வது என்று பேசிவிட்டு வாருங்கள். என் கடைசிச் சந்திப்பில் பாதியிலேயே என் போன் அடித்தது. சைலன்ட்டில் போட மறந்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன், அம்மா. "கவுன்சிலரைப் பார்த்தியா? கால்வாயை இன்னும் எடுக்கலைடி."